ஆறிய சோறும் ஆறாத சோறும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "இந்த வருஷம் நீ பேசணும், ஏதாவது டெக்னாலஜி பத்திப் பேசு, பையன்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "ஊசிப்போன சோறு பற்றிப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார். முன்னாலேயே பேசிவிடுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆகவே உங்கள் பசியைக் கெடுத்தால் அந்தப் பழி எனக்கே சேரும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சங்கரன்கோவில் பஸ் நிலையத்திலிருந்து காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இங்கே மெக்கானிக்கல் படித்தவன். அப்பா ஊரில் சின்னதாக ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காலையில் இட்லி, பூரி. மத்தியானம் அளவுச் சாப்பாடு. விசேஷ நாட்களில் பொட்டலச் சோறு. பிரியாணிக்குப் பேர் போன ஊரில் சைவக் கடை நடத்துவது எப்படிப்பட்ட வைராக்கியம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நான் படித்து முடித்துப் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் குளிர்சாதனப் பிரிவில் சேர்ந்தேன். இன்று வரை அதே துறைதான்.

பால் ஆலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் தேவைப்படும். பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி 15 விநாடி அந்தச் சூட்டிலேயே நிறுத்தி, உடனே 4 டிகிரிக்குக் குளிர வைக்கிறோம். அந்தச் சூடேற்றும் குழாயின் முடிவில் ஒரு வால்வு இருக்கிறது. பால் 72க்குக் கீழே வந்தால் அந்த வால்வு தானாகவே திரும்பி, பாலை முன்னே போகவிடாமல் மறுபடி ஆரம்பத்துக்கே அனுப்பிவிடும். மேனேஜரைக் கேட்காது, லாரி வாசலில் நிற்கிறதே என்று பார்க்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வால்வைப் பார்த்து அப்படி ஒரு பெருமை எனக்கு. லீவில் ஊருக்குப் போனால் அப்பாவிடமும் கடைச் சமையல் அண்ணாச்சியிடமும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலுக்குச் சரி தம்பி" என்பார்.

கொரோனாவுக்குச் சில வருடங்கள் முன்பு, ஓர் ஆடித் தபசு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரனும் நாராயணனும் ஒன்றே என்று காட்டும்படி கோமதி அம்மன் தவம் இருந்த ஊர் எங்கள் ஊர். தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டம் வரும். சம்சாரிகள் பருத்தியும் வத்தலும் நெல்லும் கொண்டுவந்து அம்பாளுக்கு வீசுவார்கள். முன்னாடி நாட்களிலேயே ஆடிச்சுற்று என்று 108 தடவை கோயிலைச் சுற்றுபவர்கள் உண்டு. இத்தனை பேருக்கும் வயிறு இருக்கிறதே! அந்த வருஷம் ஓர் உபயதாரர், 600 பொட்டலம் வேண்டும், புளியோதரை 300, தேங்காய் சாதம் 300, மத்தியானம் 12 மணிக்குக் கொடுக்க ஆரம்பிக்கணும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். நான் லீவு போட்டு வந்திருந்தேன்.

எங்கள் கடையில் பொட்டலச் சோறு கட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. வடித்த சோற்றை ஓலைப்பாயில் பரத்தி, மேலே நல்லெண்ணெய் தெளித்து, விசிறிவிட்டு, கை பொறுக்கிற அளவுக்கும் கீழே ஆறின பிறகுதான் கிளறுவார்கள். அதற்கு இடமும் வேண்டும், நேரமும் வேண்டும். 600 பொட்டலத்துக்கு இடம் போதவில்லை. நான் முன்னே வந்து, "எதுக்கு ஆத்தணும்? சூட்டோட கட்டி தெர்மோகோல் பெட்டியில அடுக்கி மூடிடுவோம். மத்தியானம் வரைக்கும் சூடாவே இருக்கும், ஜனங்களும் சந்தோஷமாச் சாப்பிடுவாங்க" என்றேன். அண்ணாச்சி, "தம்பி, சோத்தை ஆத்திக் கட்டணும். சூட்டோட கட்டுனா வேர்த்து ஊசிப் போவும்" என்றார். நான் சிரித்தேன். "சூடா இருந்தா கிருமி வராது அண்ணாச்சி. எங்க ஆலையில நான் தினமும் பாக்கிறேன்" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். மகன் இன்ஜினியர் ஆயிற்றே! "அவன் சொல்றபடி செய்ங்க" என்று சொல்லிவிட்டார்.

பதினைந்து பெட்டி. அதிகாலை 3 மணிக்குக் கட்ட ஆரம்பித்தோம். ஆள் பற்றாக்குறை, நானும் உட்கார்ந்து கட்டினேன். வாழையிலை நறுக்கும்போது விரலில் லேசாக அரிவாள்மணை பட்டுவிட்டது. துணி சுற்றிக்கொண்டு தொடர்ந்து கட்டினேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

12 மணிக்குப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டரை மணிக்கு முதல் ஆள் வாந்தி எடுத்தார் என்று தகவல் வந்தது. வெயில், கூட்டம், விரதம் என்று முதலில் நினைத்தோம். மூன்று மணிக்குள் ஏழெட்டுப் பேர். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அம்பாளுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரம், ஊரே தெருவில் நிற்கிறது. அப்பாவும் நானும் வார்டில் நிற்கிறோம். ஒவ்வொரு கட்டிலாகப் போய், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். புளியோதரை மட்டும் சாப்பிட்டவர் அந்த வார்டில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தேங்காய் சாதம். என் அக்கா மகளுக்கும் அதில் ஒரு பொட்டலம் போயிருந்தது. ஆறு வயசு. மூன்றாவது கட்டிலில் படுத்திருந்தாள்.

யாருக்கும் உயிருக்கு ஆபத்து வரவில்லை. பெரும்பாலானவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார்கள். 108 சுற்று முடித்துவிட்டு வந்திருந்த ஒரு பாட்டிக்கு மட்டும் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "என் கடைச் சோறுதான், என் தப்புதான்" என்றார். "என் மகன் சொன்னான்" என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அண்ணாச்சியும் சொல்லவில்லை. இரண்டு பேருமே சொல்லவில்லையே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுவாரம் நான் செய்தது, இங்கே படித்ததற்கு ஏற்ற ஒரே வேலை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு, அதே பெட்டி, அதே எடை, அதே நேரத்தில் கட்டி அளந்து பார்த்தேன். கிளறிப் பொட்டலம் கட்டி முடிக்கும்போதே சோற்றின் சூடு 52 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மூன்று மணி நேரம் கழித்து 44. ஆறு மணி நேரத்தில் 39. ஒன்பது மணி நேரம் கழித்து, அதாவது ஜனங்கள் கையில் பொட்டலம் போகிற நேரத்தில், 36. கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இந்த நான்கு எண்ணும் எனக்கு மனப்பாடம்.

கிருமிகள் செழித்து வளர்வது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். அதிலும் 30லிருந்து 45 வரை அவற்றுக்குக் கல்யாண வீடு. நான் செய்தது என்ன? சோற்றைச் சூடாகவும் வைக்கவில்லை, குளிரவும் வைக்கவில்லை. சரியாக அந்தக் கல்யாண வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்து, வெளியே போகாமல் கதவையும் பூட்டிவிட்டேன். தெர்மோகோல் சூடு உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வெப்பக் கடத்தல் பாடத்தில் இதற்கு எனக்கு நல்ல மார்க் போட்டிருந்தார்கள். அந்தப் பேராசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். மன்னிக்க வேண்டும் சார்.

எந்தக் கிருமி? உறுதியாகச் சொல்ல முடியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி என்றால் முக்கியமாக இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது, அரிசியோடு கூடவே வருவது. அரிசி கொதிக்கும்போது கிருமி சாகும். ஆனால் அதன் வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போது அந்த வித்து முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்கும். அந்த வாந்தி நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ஆகவே, "திருப்பிச் சூடு பண்ணிட்டா சரியாப் போயிரும்" என்ற நம் வீட்டு நம்பிக்கை இங்கே செல்லாது. இரண்டாவது ஸ்டாஃபைலோகாக்கஸ். அது மூக்கிலும் கையிலும், முக்கியமாக வெட்டுக்காயத்திலும் இருக்கும். துணி சுற்றிய என் விரல் ஞாபகம் இருக்கிறதா? அதன் நஞ்சும் கொதிக்க வைத்தால் போகாது. இரண்டில் எது என்று தெரிந்திருக்க ஒரே வழி, ஒரு பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் மாதிரியாக எடுத்து வைத்திருப்பது. 600ல் ஒன்றுகூட நாங்கள் வைக்கவில்லை. ஆகவே அது என் பெட்டியா, என் விரலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

புளியோதரை ஏன் தப்பித்தது? புளியின் புளிப்புதான். புளிப்பு கூடக்கூட இந்தக் கிருமிகள் வளர்வது சிரமம். தேங்காய் சாதத்தில் அந்தக் காவல் கிடையாது. நம் பாட்டிமார் தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு கட்டினார்களே, தேங்காய்ச் சோறு கட்டினார்களா? அவர்களுக்குப் பி.ஹெச். என்ற வார்த்தை தெரியாது. ஆனால் எது எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியும். அண்ணாச்சிக்கும் தெரிந்திருந்தது. ஓலைப்பாயில் பரத்துவது என்பது என்ன? அண்டாவில் குவிந்திருக்கிற சோற்றை இரண்டு அங்குலக் கனத்துக்கு விரித்து, பரப்பளவைக் கூட்டி, வேகமாகக் குளிர்விக்கிற அருமையான ஏற்பாடு. நான் அதைத்தான் பழங்காலத்து வழக்கம் என்று எடுத்துவிட்டேன். (பாயும் சுத்தமாக இருக்க வேண்டும், அது வேறு விஷயம். இப்போது எங்கள் கடையில் பாய்க்குப் பதில் அகலமான எவர்சில்வர் தட்டுகள்.)

இதற்குப் பிறகுதான் இந்தத் துறையைப் படிக்க ஆரம்பித்தேன். மாணவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உணவுப் பாதுகாப்புத் திட்டம் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற ஹெச்.ஏ.சி.சி.பி. முறை பிறந்தது சமையலறையில் அல்ல, விண்வெளித் திட்டத்தில்.

1959 வாக்கில் அமெரிக்காவில் பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனியிடம் விண்வெளி வீரர்களுக்குச் சாப்பாடு செய்யும் வேலை வந்தது. கூட நாசாவும், நேட்டிக் என்ற ஊரில் இருந்த ராணுவ ஆராய்ச்சிக்கூடமும். சிக்கல் இரண்டு. எடையில்லாத இடத்தில் ரொட்டித் தூள் உதிர்ந்தால் மிதந்து போய்க் கருவிகளுக்குள் புகுந்துவிடும். அதை ஒரே வாயில் போடுகிற மாதிரி சின்னச் சின்னக் கட்டியாகச் செய்து, மேலே பூச்சுப் பூசிச் சமாளித்தார்கள். இரண்டாவது சிக்கல் பெரிது: விண்கலத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும்? ஆகவே சாப்பாட்டில் கிருமியே இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டும். செய்து முடித்த சாப்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். நம்பிக்கை வருகிற அளவுக்குச் சோதித்தால், செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடுகிறது, வீரர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். வெந்ததா என்று பார்க்க அது சரி. கெட்டதா என்று பார்க்க அது உதவாது. கிருமி ஒரு மூலையில் இருக்கும், நாம் எடுத்த பருக்கை வேறு மூலையிலிருந்து வந்திருக்கும்.

ஆகவே பில்ஸ்பரியின் ஹோவர்ட் பாமன் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் தலைகீழாக யோசித்தார்கள். ஒரு பொருள் எந்தெந்த வழியில் கெட்டுப்போக முடியும் என்று முதலிலேயே எழுதிப் பார்ப்பது. எந்த இடத்தில் பிடித்தால் அதைத் தடுக்கலாமோ அந்த இடத்தை மட்டும் விடாமல் காவல் காப்பது. இயந்திரம் எங்கே பழுதாகும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுகிறோமே, அதே வித்தைதான். 1971ல் டென்வர் நகரில் நடந்த மாநாட்டில் இதை வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். 1993ல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே 1993ல் அமெரிக்காவில் ஜாக் இன் த பாக்ஸ் என்ற உணவகத்தின் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரால் 4 குழந்தைகள் இறந்தார்கள். 700க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். வாஷிங்டன் மாநில விதிப்படி இறைச்சியின் உட்சூடு சுமார் 68 டிகிரி இருக்க வேண்டும். அங்கே வேக வைத்தது 60 டிகிரி அளவில். எட்டே டிகிரி.

அந்த முறையின் ஏழு கோட்பாட்டையும் இங்கே சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். எங்கள் பால் ஆலையின் வால்வை நினைத்துக்கொண்டால் போதும். ஆபத்து என்ன: பாலில் கிருமி. பிடிக்கிற இடம் எது: சூடேற்றும் குழாய். எல்லைக்கோடு எது: 72 டிகிரி, 15 விநாடி. யார் பார்ப்பது: வெப்பமானி. கோடு தாண்டினால் என்ன செய்வது: வால்வு திருப்பி அனுப்பும். வால்வு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கிறோம், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். முடிந்தது, ஏழும் வந்துவிட்டது.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். அடுத்த லீவில் இதையெல்லாம் எழுதி, ஒரு ஃபைல் போட்டு, அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். நாற்பது பக்கம். அவர் எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "எய்யா, ஆடித் தபசுக்கு முன்னாடி இந்தக் கடையில சாப்பிட்டு யாருக்காவது வயிறு வலிச்சிருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. முப்பது வருஷமாகக் கெடாத சோறு, நான் வந்து கைவைத்த ஒரே நாளில் கெட்டது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

ஆனாலும் செய்தோம். அண்ணாச்சிக்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. வடித்த சோறு, சாம்பார், கூட்டு, பொரியல் என்று எட்டு அயிட்டம். ஒவ்வொன்றுக்கும் நாலு நேரம் சூடு எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்து நோட்டைப் பார்த்தேன். ஒரு கட்டம் விடாமல் எழுதியிருந்தது. எல்லாக் கட்டத்திலும் 64. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கும் 64! "அண்ணாச்சி, என்ன இது?" என்றேன். "நீங்கதான தம்பி அறுபதுக்கு மேல இருக்கணும்னீங்க? இருக்கட்டும்னு நாலு கூடப் போட்டேன்" என்றார்.

சிரிக்கிறீர்கள். பெரிய கம்பெனிகளின் நோட்டுகளைப் பார்த்திருக்கிற நண்பர்கள் ஏன் சிரிக்கவில்லை என்பதையும் கவனிக்கிறேன்! உணவுப் பாதுகாப்புத் திட்டம் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தணிக்கைக்கு வருபவர் நோட்டைப் பார்க்கிறார், நோட்டு சுத்தமாக இருக்கிறது, அண்டாவை யாரும் பார்ப்பதில்லை. அண்ணாச்சியைத் திட்டிப் பயனில்லை. அடுப்பு முன்னால் நிற்கிற மனிதனிடம் நாளைக்கு முப்பத்திரண்டு எண் எழுதச் சொன்ன நான்தான் முட்டாள். பிறகு அவரையே உட்கார வைத்து, "நம்ம கடையில எது எது ஊசிப்போகும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். விரல் மடக்கி நாலு சொன்னார்: தேங்காய்ச் சட்னி, மிஞ்சின சோறு, பருப்புக் கூட்டு, பொட்டலம். நாற்பது பக்கத்தில் நான் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய அதே நான்குதான். நோட்டை நாலு கட்டமாகக் குறைத்தோம். இப்போது அதில் 58 என்றும் இருக்கிறது, "மறுபடி அடுப்பில் ஏற்றினேன்" என்று பக்கத்தில் கோணல் எழுத்தில் குறிப்பும் இருக்கிறது. 58 என்று எழுதியதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சட்னி அரைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறோம். மிஞ்சின சோற்றை அகலத் தட்டில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். அமெரிக்க விதி ஒன்று, 57லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்கிறது. அகலத் தட்டில் வைத்தால் வருகிறது, அண்டாவில் வைத்தால் வராது. பொட்டலம் என்றால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு, மூன்று நாளைக்குக் குளிர்பெட்டியில் மாதிரியாக இருக்கும். தேங்காய் சாதம் பொட்டலத்துக்குக் கிடையாது என்று அப்பா நிறுத்தியே விட்டார். நல்ல வியாபாரம் போனது.

இதிலெல்லாம் சிரமம் இல்லை. சிரமமானது ஒன்று உண்டு. கையில் புண் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு என்றாலோ அந்த ஆள் சமையல் பக்கம் வரக்கூடாது என்று விதி போட்டோம். இரண்டு மாதம் ஒருத்தருக்கும் புண்ணும் இல்லை, போக்கும் இல்லை. அம்மாதான் சொன்னாள்: "சம்பளம் பிடிப்பேன்னா எவன் சொல்லுவான்?" அதன் பிறகு அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்று அப்பா அறிவித்தார். உடனே புண்கள் வெளியே வந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் திட்டத்தில் அதிகமாகச் செலவாகிற அயிட்டம் இதுதான், தெர்மாமீட்டர் அல்ல. எந்தக் கையேட்டிலும் இதற்கு ஒரு தனி அத்தியாயம் நான் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954ம் வருடத்துக் கலப்படத் தடைச் சட்டம்தான் வெகு காலம் இருந்தது. அதன் நோக்கம் திருடனைப் பிடிப்பது: மிளகாய்த்தூளில் செங்கல் தூள் கலந்தவனைப் பிடி, தண்டனை கொடு. எங்கள் தேங்காய் சாதத்தில் கலப்படம் ஏதும் இல்லை. நல்ல அரிசி, நல்ல தேங்காய். 2006ல் வந்து 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம்தான், கலப்படம் இல்லாமலும் சாப்பாடு ஆபத்தாகலாம் என்பதைக் கணக்கில் எடுத்தது. அதன் கீழ் வந்த உரிம விதிகளின் நான்காவது அட்டவணையைச் சமையல் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்குக் குறையக்கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நான் ஆடித் தபசுக்கு 600 பொட்டலம் கட்டிய அன்று அது சட்டமாகி ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் கடையிலும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, பூவும் வைத்து மாட்டியிருந்தோம்!

2017 முதல் ஃபாஸ்டாக் என்று பயிற்சித் திட்டம் நடக்கிறது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்பா போய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். கோயில் பிரசாதங்களுக்கென்று போக் என்ற சான்றிதழ்கூட இருக்கிறது. பொரித்த எண்ணெயையே திருப்பித் திருப்பிக் காய்ச்சுகிறோமே, அதற்கும் 2018 முதல் எல்லை வைத்துவிட்டார்கள்: மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. பூரி போடுகிற எல்லோருக்கும் இது வலிக்கிற விதி, எங்களுக்கும் வலிக்கிறது.

பெரிய விபத்து நடந்தால்தான் எல்லோரும் விழிக்கிறோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது தமிழ்நாடு முழுக்கச் சோதனை நடந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸ் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. சோதனையும் தடையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதிகாரி ஒருவர் எத்தனை கடைக்குத்தான் எத்தனை நாளைக்குப் போவார்? அவர் வந்து போன மறுநாள் அடுப்படியில் நிற்பது அண்ணாச்சிதான். ஆலையில் அந்த வால்வு இரும்பால் ஆனது. கடையில் அந்த வால்வு அண்ணாச்சி. "இன்னைக்கு இந்தச் சோறு வேண்டாம், கொட்டிருவோம்" என்று அவர் சொன்னால் முதலாளி கேட்க வேண்டும். அன்றைக்கு அவர் சொல்லத்தான் செய்தார். நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் ஆடிச்சுற்றுக்கு வந்தபோது கடைக்கு வந்தார். அப்பா கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். பாட்டி உட்கார்ந்து, "என்ன இருக்கு?" என்று கேட்டார். "இட்லி சூடா இருக்கும்மா" என்றார் அப்பா. "ஆவி பறக்கணும், பாத்துக்கோ" என்றார் பாட்டி. அண்ணாச்சி கொப்பரையிலிருந்து எடுத்து நேராக இலையில் வைத்தார். நாலு இட்லி சாப்பிட்டார். காசு வாங்க மாட்டோம் என்றதற்குத் திட்டிவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று நம் விழாச் சாப்பாடு சமைக்கும் இடத்துக்குக் காலையிலேயே போய்விட்டு வந்தேன். சமையல்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பிறகு அவரே தெர்மாமீட்டரை வாங்கி அண்டா அண்டாவாக விட்டுப் பார்த்தார். நான் மேடை ஏறுகிற நேரத்தில் சாம்பார் 81, கூட்டு 74, வடித்த சோறு 77. தயிர் சாதம் கடைசியில்தான் கிளறுவேன் என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் மாதிரி எடுத்து விடுதிக் குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. இந்த வெயிலிலும் அண்டா கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டுதான் இருக்கும். நான் பேசப் பேசக் கூட்டு 60ஐ நோக்கி இறங்கும். செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாருங்கள், சாப்பிடப் போவோம்.